பெயர்ச்சொல்லுக்குப் பின் வரும் சோடிச் சொற்கள்: கொழும்பு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலப் பாடம் எழுதுகிறவர்களுக்கும், கந்தோரில் ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டியவர்களுக்கும் வெள்ளவத்தையில் மாலை நேரங்களில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுடைய தாள்களில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பிழை விழுகிறது. சொற்கள் சரியாக இருக்கும், எழுத்துக்கூட்டலும் சரியாக இருக்கும். சோடியாக வரும் இணைப்புச் சொற்கள் மட்டும் இடம் மாறி நிற்கும். அதைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். இந்தப் பிழையைக் கண்ணைவிடக் காதுதான் விரைவில் பிடிக்கிறது.

சோடி இணைப்புச் சொற்கள் எவை?

தனியாக வராமல் இரண்டு இரண்டாக வருபவை: "போத் – அண்ட்", "ஐதர் – ஓர்", "நைதர் – நோர்", "நொட் ஒன்லி – பட் ஓல்சோ", "வெதர் – ஓர்". முதற்சொல் வந்துவிட்டால் வாசிப்பவர் இரண்டாவதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். "ஐதர்" என்பதை "ஈதர்" என்றும் உச்சரிக்கலாம். இரண்டும் சரி.

தமிழில் நினைத்து எழுதும்போது இவை ஏன் இடம் மாறிப்போகின்றன?

நம்முடைய மொழியில் இணைக்கும் உறுப்பு பெயரின் வாலில் ஒட்டுகிறது. "அண்ணனும் அக்காவும் கொழும்பில் வேலை செய்கிறார்கள்" என்கிறோம். முதலில் அண்ணன், பிறகு "உம்". முதலில் அக்கா, பிறகு "உம்". "அண்ணனோ அக்காவோ வருவார்கள்" என்பதிலும் அப்படியே. ஆங்கிலத்தில் இணைக்கும் சொல் முன்னால் போய் நிற்கிறது: "போத் மை பிரதர் அண்ட் மை சிஸ்டர் வேர்க் இன் கொலம்போ." தமிழ் வரிசை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது கை இப்படி எழுதிவிடுகிறது: "மை பிரதர் போத் அண்ட் மை சிஸ்டர் வேர்க் இன் கொலம்போ." இது பிழை. "அண்ணனும்" என்று சொல்லும் பழக்கத்தில் "பிரதர்" என்ற பெயருக்குப் பின்னால் "போத்" ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதற்கு மருந்து ஒரே ஒரு விதிதான். சோடியின் முதற்சொல்லுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள்; இரண்டாம் சொல்லுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பெயர் என்றால் மறுபக்கமும் பெயர், ஒரு பக்கம் வினை என்றால் மறுபக்கமும் வினை. கீழே வருகிற பதில்களில் பெரும்பாலானவை இந்த விதியின் கிளைகள். இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டவர்கள்கூட நன்றாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் "போத்" பெயருக்குப் பின்னால் வரவே கூடாதா?

வரலாம். எப்போது என்பதில்தான் கவனம் வேண்டும். "மை பிரதர் அண்ட் மை சிஸ்டர் போத் வேர்க் இன் கொலம்போ" என்பது முழுக்கச் சரியான வாக்கியம். இங்கே "போத்" இரண்டு பெயர்களும் சொல்லி முடிந்த பிறகு, வினைக்கு முன்னால் வருகிறது. "இருவருமே" என்ற பொருள் கிடைக்கிறது. இந்த இடத்தில் அது சோடியின் பாதி அல்ல, தனித்து நிற்கும் சொல். முதற்பெயருக்கும் "அண்ட்" என்பதற்கும் நடுவில் நுழைந்தால்தான் பிழை.

"ஐதர்", "நைதர்" ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. "மை பிரதர் ஓர் மை சிஸ்டர் ஐதர் வில் கம்" என்று எழுத முடியாது. "ஐதர் மை பிரதர் ஓர் மை சிஸ்டர் வில் கம்" என்றுதான் எழுத வேண்டும்.

எழுவாய்க்குப் பின்னால் வினை வருகிறது. சோடியை எங்கே வைப்பது?

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஆகவே நிதானமாகப் பார்ப்போம். கொழும்பில் வேலைக்கு விண்ணப்பிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு:

"குமார் நொட் ஒன்லி ஸ்பீக்ஸ் டமில் பட் ஓல்சோ சிங்களா."

"குமார் தமிழ் மட்டுமல்ல, சிங்களமும் பேசுவான்" என்பது கருத்து. விதியை வைத்துப் பாருங்கள். "நொட் ஒன்லி" என்பதற்கு அடுத்து "ஸ்பீக்ஸ்" என்ற வினை நிற்கிறது. "பட் ஓல்சோ" என்பதற்கு அடுத்து "சிங்களா" என்ற பெயர் நிற்கிறது. இனம் பொருந்தவில்லை. "நொட் ஒன்லி ஸ்பீக்ஸ்" என்று கேட்டவுடன், பேசுவதோடு வேறு எதையோ செய்கிறான் என்று வாசிப்பவர் எண்ணுவார். எழுதுகிறானா, மொழிபெயர்க்கிறானா என்று காத்திருப்பார். கிடைப்பது ஒரு மொழியின் பெயர்.

திருத்த இரண்டு வழிகள் உண்டு. ஒப்பிட நினைப்பது இரண்டு மொழிகளை என்றால், சோடியை வினைக்குப் பின்னால் தள்ளுங்கள்: "குமார் ஸ்பீக்ஸ் நொட் ஒன்லி டமில் பட் ஓல்சோ சிங்களா." ஒப்பிட நினைப்பது இரண்டு செயல்களை என்றால், சோடி எழுவாய்க்குப் பின்னாலேயே இருக்கட்டும், இரண்டாம் பக்கத்துக்கும் ஒரு வினை கொடுங்கள்: "குமார் நொட் ஒன்லி ஸ்பீக்ஸ் டமில் பட் ஓல்சோ டீச்சஸ் இட்." தமிழ் பேசுவதோடு கற்பிக்கவும் செய்கிறான்.

பேச்சில் திருத்துவதற்கு முன் இருந்த அந்த வடிவத்தை ஆங்கிலேயரும் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் பரீட்சைத் தாளிலும் விண்ணப்பத்திலும் அதை விட்டுவிடுங்கள். உங்களை நேரில் கண்டிராத ஒருவர் உங்கள் ஆங்கிலத்தை அந்த ஒரு வரியை வைத்து அளக்கப்போகிறார்.

துணைவினை இருந்தால்?

துணைவினைக்குப் பின்னால் வையுங்கள். "த ஸ்டூடன்ட்ஸ் கேன் நைதர் சீ நோர் ஹியர் த டீச்சர்" – மாணவர்களால் ஆசிரியரைப் பார்க்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. "த ரூம்ஸ் ஆர் போத் கிளீன் அண்ட் சீப்" – அறைகள் சுத்தமும் மலிவும் ஆனவை.

துணைவினைக்கு முன்னால் சோடியை வைத்துவிட்டால், இரண்டாம் பக்கத்திலும் அந்தத் துணைவினையைத் திரும்பச் சொல்ல வேண்டும். "குமார் ஐதர் இஸ் ஸ்லீப்பிங் ஓர் ரீடிங்" பொருந்தாது. "குமார் இஸ் ஐதர் ஸ்லீப்பிங் ஓர் ரீடிங்" பொருந்தும், சுருக்கமாகவும் இருக்கிறது.

பெயரடை பெயருக்கு முன்னால்தானே வரும்? "எ ரூம் போத் கிளீன் அண்ட் சீப்" என்று எப்படி எழுதலாம்?

மிக நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் ஒற்றைப் பெயரடை பெயருக்கு முன்னால்தான் வரும். "எ கிளீன் ரூம்" சரி. "எ ரூம் கிளீன்" பிழை. ஆனால் சோடியாகக் கட்டிய பெயரடைகள் கனமானவை. அவற்றைப் பெயருக்குப் பின்னால் வைக்க ஆங்கிலம் இடம் தருகிறது.

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வாடகைக்கு அறை தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வீ நீட் எ ரூம் போத் கிளீன் அண்ட் சீப்" என்று எழுதலாம். "எ மேன் நைதர் ரிச் நோர் புவர்" என்றும் எழுதலாம் – பணக்காரனும் அல்லாத, ஏழையும் அல்லாத மனிதன். இந்த வடிவம் சற்று இலக்கிய வாசனை உடையது. கட்டுரையில் ஓரிடத்தில் வந்தால் அழகு. அன்றாடக் கடிதத்துக்கு "எ ரூம் தட் இஸ் போத் கிளீன் அண்ட் சீப்" என்பதே போதும். நான் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

தவிர்க்க வேண்டியது "எ போத் கிளீன் அண்ட் சீப் ரூம்". "சுத்தமும் மலிவும் உள்ள அறை" என்ற தமிழ் வரிசையில் அறை கடைசியில் வருவதால் இப்படி எழுதத் தோன்றும். ஆங்கிலக் காதுக்கு அது உறுத்தும்.

பெயருக்குப் பின்னால் "வெதர் – ஓர்" வரும்போது காற்புள்ளி தேவையா?

தேவை, இரண்டு பக்கமும். "ஓல் பசஞ்சர்ஸ், வெதர் சிட்டிங் ஓர் ஸ்டாண்டிங், மஸ்ட் பை எ டிக்கெட்." இருக்கையில் இருந்தாலும் நின்றாலும் பயணிகள் எல்லோரும் டிக்கெட் வாங்க வேண்டும். காலி வீதியில் ஓடும் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களில் மாலையில் ஏறியவர்களுக்கு இந்த வாக்கியத்தின் பொருளை விளக்கத் தேவையில்லை. "வெதர்" முதல் "ஸ்டாண்டிங்" வரையுள்ள பகுதியை எடுத்துவிட்டாலும் மீதி வாக்கியம் நிற்கும். அப்படி எடுக்கக்கூடிய பகுதிக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி இடுவது வழக்கம். முதலாவதை இட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள் பலர்.

மற்றச் சோடிகளுக்கு நடுவில் பொதுவாகக் காற்புள்ளி வேண்டாம். "போத் டீ, அண்ட் கொஃபி" என்று எழுதாதீர்கள்.

"குவெஸ்ச்சன்", "டிசிஷன்", "சொய்ஸ்" போன்ற பெயர்களுக்குப் பின்னால் எந்தச் சோடி வரும்?

முதல் இரண்டுக்கும் "வெதர் – ஓர்". கொழும்பில் பிள்ளையைத் தமிழ் மொழிமூலத்தில் சேர்ப்பதா ஆங்கில மொழிமூலத்தில் சேர்ப்பதா என்று பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள். அதை இப்படி எழுதலாம்: "த டிசிஷன் வெதர் டு ஸ்டடி இன் டமில் ஓர் இன் இங்கிலிஷ் இஸ் நொட் ஈஸி." இந்த இடத்தில் "வெதர்" என்பதற்குப் பதிலாக "இஃப்" போட முடியாது. "த குவெஸ்ச்சன் வெதர்", "த குவெஸ்ச்சன் ஒஃப் வெதர்" இரண்டும் வழக்கில் இருக்கின்றன. எதை எழுதினாலும் குறையில்லை.

"சொய்ஸ்", "டிஃபரன்ஸ்" ஆகியவற்றுக்குப் பின்னால் "பிட்வீன் – அண்ட்". "எ சொய்ஸ் பிட்வீன் டமில் அண்ட் இங்கிலிஷ்" என்பதே சரி. தெரிவு என்றதும் "அல்லது" நினைவுக்கு வருவதால் "ஓர்" போட்டுவிடுகிறோம். "பிட்வீன்" வந்தால் அதன் துணை "அண்ட்" மட்டும்தான்.

இதே காரணத்தால், அறிவித்தல்களில் அடிக்கடி காணும் "பிட்வீன் 8 டு 10" என்பதும் பிழை. "பிட்வீன் 8 அண்ட் 10" என்று எழுதுங்கள், அல்லது "ஃப்ரொம் 8 டு 10" என்று எழுதுங்கள்.

"டு", "இன்", "ஃபோர்" போன்ற சொற்களை ஒரு முறை எழுதுவதா, இரண்டு முறையா?

எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "லெட்டர்ஸ் டு போத் த பேங்க் அண்ட் த ஸ்கூல்" – "டு" வெளியே இருக்கிறது, ஆகவே ஒரு முறை போதும். "லெட்டர்ஸ் போத் டு த பேங்க் அண்ட் டு த ஸ்கூல்" – "டு" உள்ளே வந்துவிட்டது, ஆகவே இரண்டு பக்கமும் வேண்டும். "போத் டு த பேங்க் அண்ட் த ஸ்கூல்" என்பது இரண்டும் கெட்டான்.

சோடியாக வரும் பெயர்களே எழுவாய் என்றால் வினை ஒருமையா, பன்மையா?

"போத் – அண்ட்" என்றால் எப்போதும் பன்மை.

"ஐதர் – ஓர்", "நைதர் – நோர்", "நொட் ஒன்லி – பட் ஓல்சோ" என்றால் வினைக்கு அருகில் நிற்கும் பெயரைப் பாருங்கள். "நைதர் த டீச்சர் நோர் த ஸ்டூடன்ட்ஸ் வேர் லேட்" – அருகில் "ஸ்டூடன்ட்ஸ்", ஆகவே "வேர்". "நொட் ஒன்லி த ஸ்டூடன்ட்ஸ் பட் ஓல்சோ த டீச்சர் வொஸ் லேட்" – அருகில் "டீச்சர்", ஆகவே "வொஸ்". ஒன்று ஒருமை, மற்றது பன்மை என்றால் பன்மையை இரண்டாவதாக வைத்துவிடுங்கள். வாக்கியம் இயல்பாக ஒலிக்கும்.

"ஐதர் மை பிரதர் ஓர் ஐ ஏம் கமிங்" என்பது விதிப்படி சரி, காதுக்குச் சரியில்லை. "ஐதர் மை பிரதர் இஸ் கமிங் ஓர் ஐ ஏம்" என்று மாற்றி எழுதுங்கள்.

பெயருக்குப் பின்னால் "அஸ் வெல் அஸ்" வந்தால் அதைச் சோடி என்று எண்ணி ஏமாறாதீர்கள். "த மனேஜர், அஸ் வெல் அஸ் த கிளார்க்ஸ், இஸ் ஆன் லீவ்." முகாமையாளர் ஒருவர்தான் எழுவாய், எழுதுவினைஞர்கள் கூட வந்தவர்கள். ஆகவே ஒருமை.

"ஹீ டஸ்ன்ட் ஈட் நைதர் மீட் நோர் ஃபிஷ்" – இதில் என்ன தவறு?

மறுப்பு இரண்டு முறை வந்துவிட்டது. "அவர் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை" என்னும்போது நாம் மறுப்பை வினையில் வைக்கிறோம். அதை "டஸ்ன்ட்" ஆக்கிவிட்டு, பிறகு "நைதர்" என்பதையும் சேர்த்தால் ஒன்று கூடிவிடுகிறது. "ஹீ ஈட்ஸ் நைதர் மீட் நோர் ஃபிஷ்" என்று எழுதுங்கள். "டஸ்ன்ட்" இருந்தே ஆக வேண்டுமென்றால் "ஹீ டஸ்ன்ட் ஈட் ஐதர் மீட் ஓர் ஃபிஷ்".

மூன்று பெயர்களுக்கு "போத்" போடலாமா?

கூடாது. இரண்டுக்கு மட்டுமே. "போத் சிங்களா, டமில் அண்ட் இங்கிலிஷ்" என்ற தொடரைப் பல தாள்களில் திருத்தியிருக்கிறேன். மும்மொழிப் பெயர்ப்பலகைகள் நடுவே வாழ்கிற நமக்கு அது இலகுவில் வந்துவிடுகிறது. மூன்று என்றால் "போத்" என்பதை எடுத்துவிடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இது: "போத் சிங்களா அண்ட் டமில் ஆர் ஒஃபிஷல் லாங்குவேஜஸ்; இங்கிலிஷ் இஸ் த லிங்க் லாங்குவேஜ்." 1956இல் வந்த சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தம்தான் தமிழையும் அரசகரும மொழி என்றும் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றும் சொன்னது. அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் "போத்" போடும் உரிமைக்குப் பின்னால் 31 ஆண்டுகள் இருக்கின்றன. மாணவர்கள் அதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்று விரும்புகிறேன், அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் இதைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

"ஐதர்", "நைதர்" ஆகியவற்றை மூன்று பொருள்களுக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இலக்கண நூல்களிலேயே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பரீட்சையில் இரண்டோடு நிறுத்துவது பாதுகாப்பு.

"சோ – தட்", "சச் – தட்" இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

நடுவில் பெயர் இருந்தால் "சச்". பெயரடை மட்டும் இருந்தால் "சோ". 2022இல் எரிபொருளுக்காகக் கொழும்பு வீதிகளில் நின்ற வரிசைகளை நினைத்துக்கொள்ளுங்கள். "த கியூ வொஸ் சோ லாங் தட் வீ வென்ட் ஹோம்." "இட் வொஸ் சச் எ லாங் கியூ தட் வீ வென்ட் ஹோம்." மழையை எண்ண முடியாது, ஆகவே "சச் ஹெவி ரெயின் தட்" என்று "எ" இல்லாமல் எழுத வேண்டும். "சோ ஹெவி ரெயின் தட்" பிழை.

"ஓல்தோ" வந்தால் "பட்" வருமா?

வராது. ஒன்று போதும்.

ஒரு கட்டுரையில் எத்தனை சோடிகள் வரலாம்?

ஒன்று அல்லது இரண்டு. "நொட் ஒன்லி" போட்டால் புள்ளி கிடைக்கும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்; பந்திக்கு ஒன்று என்று வருகிறது. வலியுறுத்த வேண்டிய இடத்தில் வந்தால்தான் அதற்கு வலு. மற்ற இடங்களில் வெறும் "அண்ட்" எவ்வளவோ மேல்.

ஒரு பந்தியைத் திருத்திக் காட்ட முடியுமா?

தாள்களில் காணும் பிழைகளைச் சேர்த்து நானே ஒரு விண்ணப்பப் பந்தி எழுதியிருக்கிறேன். முதலில் நீங்கள் திருத்திப் பாருங்கள்.

"ஐ நொட் ஒன்லி ஸ்பீக் டமில் பட் ஓல்சோ சிங்களா. மை மனேஜர் போத் அண்ட் மை டீச்சர் ஹேவ் கிவன் மீ லெட்டர்ஸ். ஐ கேன் வேர்க் போத் இன் த ஒஃபிஸ் அண்ட் அவுட்சைட். ஐ டிட் நொட் டேக் லீவ் நைதர் இன் ஏப்ரல் நோர் இன் டிசம்பர். ஐ ஏம் ஃப்ரீ பிட்வீன் 8 டு 5."

முதல் வாக்கியத்தில் "ஸ்பீக்" முன்னால் வர வேண்டும்: "ஐ ஸ்பீக் நொட் ஒன்லி டமில் பட் ஓல்சோ சிங்களா." இரண்டாவதில் "போத்" வாக்கியத்தின் தலைக்குப் போக வேண்டும்: "போத் மை மனேஜர் அண்ட் மை டீச்சர் ஹேவ் கிவன் மீ லெட்டர்ஸ்."

மூன்றாவதைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் "இன் த ஒஃபிஸ்", மறுபக்கம் "அவுட்சைட்". வடிவம் வேறாகத் தெரிந்தாலும் இரண்டும் "எங்கே" என்ற கேள்விக்கு விடை. இங்கே "இன்" சேர்த்தால் சரியான வாக்கியம் கெட்டுவிடும். விதியைப் புதிதாகக் கற்றவர்கள் இந்த இடத்தில்தான் அளவுக்கு மீறித் திருத்துகிறார்கள்.

நான்காவதில் மறுப்பு இரட்டித்திருக்கிறது: "ஐ டுக் லீவ் நைதர் இன் ஏப்ரல் நோர் இன் டிசம்பர்." ஐந்தாவதில் "பிட்வீன்" போய் "ஃப்ரொம்" வர வேண்டும்: "ஐ ஏம் ஃப்ரீ ஃப்ரொம் 8 டு 5." இனி அந்தப் பந்தியை அனுப்பலாம்.